முன்சீப் வேதநாயகம் பிள்ளை

கோடை விடுமுறையில் ஊர் சென்று மீளும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் எவரும் ஒரு வினாவிற்குத் தப்பியதில்லை. தமிழைப் பயின்று யாது செய்யப் போகின்றாய் என்பதே அவ்வினா. யாமும் தப்பவில்லை. எம் தாய்மாமன் எம்மைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்ப விழைகின்றார். அன்னையாரோ ஊரில் ஒரு பள்ளியில் ஆசிரியப் பணி கிடைப்பின் அதுவே போதுமென்கின்றார். எம் உள்ளம் மட்டும் ஏட்டையும் யாப்பையும் விட்டு அகல மறுக்கின்றது. உள்ளம் விழைவது ஒன்று, ஊருக்குப் பயன்படுவது ஒன்று, உணவிற்கு வழி காட்டுவது மற்றொன்று என மூன்றும் வெவ்வேறு திசையில் இழுக்குங்கால், பத்தொன்பது வயதினர் யாது செய்ய இயலும்?

சென்ற திங்களில் ஒரு மாலை, யாமும் எம் தோழர் இருவரும் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்று, அம்மாமண்டபப் படித்துறையில் அமர்ந்து இது குறித்து வெகுநேரம் வழக்காடினோம். எதிர்க்கரைக்கப்பால் மலைக்கோட்டை உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. எம் வழக்கிற்குச் சான்றாக ஒருவரை அழைக்க வேண்டுமென்று தோழருள் ஒருவர் கூற, மூவர்க்கும் ஒருங்கே நினைவிற்கு வந்தவர், இந்நகரத்து நீதிமன்றத்தில் பத்திரக் கட்டுகளைக் காத்துத் தம் உழைப்பைத் தொடங்கிய வேதநாயகம் பிள்ளையவர்கள். அவரது வாழ்க்கையை யாம் அறிந்த அளவில் ஈண்டுக் கூறுவாம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மைந்தராய்ப் பிறந்தவர் வேதநாயகர். கத்தோலிக்க வேளாளர் குடி. தொடக்கக் கல்வியை ஊரிலே பயின்றபின், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். இச்செய்தியைச் சிறிது நின்று நோக்கல் வேண்டும். அக்காலத்தில் தமிழ் கற்க விரும்புவோர் புலவரை நாடினர். ஆங்கிலம் கற்க விரும்புவோர் மிஷன் பள்ளியை நாடினர். வேதநாயகருக்கு வாய்த்த ஆசிரியரோ, நாள்தோறும் குடியானவர் வாய்மொழியை ஆங்கிலமாக்கித் துரைமார்முன் வைத்து ஊதியம் பெற்றவர். ஒரு சொல் பிழைபடின் ஒருவன் நிலம் கைமாறும் என்பதை அறிந்த ஆசிரியரிடம் மொழி கற்றவர், மொழியை அணிகலனாக மட்டும் கருதியிருத்தல் அரிது.

1848-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 22 வயதில், அவர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராய் அமர்ந்தார். சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர் பணியும் கிடைத்தது. அக்காலத்துத் திருச்சிராப்பள்ளியை எண்ணிப் பார்ப்பது இனிது. திருவரங்கத்துத் தெற்கு வாயிலில் இன்று பதின்மூன்று நிலையுடன் வானளாவி நிற்கும் இராசகோபுரம் அன்று அடிப்பகுதியளவில் நின்றுபோய் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அது நிறைவெய்தியது 1987-ஆம் ஆண்டிலேதான். தொடங்கிய பணி நூற்றாண்டுகள் காத்திருத்தலும் உண்டு என்பதற்கு இளைஞர் வேதநாயகருக்கு அதனினும் கண்கூடான சான்று வேறு இருந்திராது. (இவ்வொப்புமை எம்முடையது, அவர் அக்கோபுரத்தைக் குறித்து ஏதும் எழுதியதாக யாம் கண்டிலேம்.)

அந்நாளில் இந்நகரில் வாழ்ந்த மற்றொரு பெரியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1815-இல் பிறந்தவர், வேதநாயகரினும் 11 ஆண்டு மூத்தவர். வேதநாயகர் அவரை அடுத்துத் தம் தமிழறிவைப் பெருக்கிக் கொண்டார். இருவருக்கும் ஏற்பட்ட நட்பு மகாவித்துவான் மறையும்வரை குன்றாது நிலைத்தது. ஒருவர் சைவத்திற் பழுத்தவர், மற்றவர் கிறித்தவர். மகாவித்துவான் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். மகாவித்துவானின் சீகாழிக்கோவைக்கு வேதநாயகர் சிறப்புக்கவிகள் அளித்தார். சமயம் வேறாயினும் தமிழ் ஒன்றாயிற்று என்று எழுதுவது எளிது. ஆயின் அந்நட்பில் தமிழொடு மனிதப் பண்பும் இருந்தது என்பதே எம் கருத்து.

இவ்விருவரையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போதுதான் எம் வினாவின் முழு உருவமும் தோன்றுகின்றது. மகாவித்துவான் உத்தியோகம் எதனையும் நாடாதவர். தமிழே தொழில், தமிழே ஊதியம். பாடஞ் சொல்வதற்குப் பொருள் பெறாதவர். வந்தார்க்கெல்லாம் உணவும் அளித்துப் பாடமும் சொன்னவர். பூவாளூர்த் தியாகராச செட்டியாரும், புதுவைச் சவரிராயலு நாயகரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், பின்னர் உ. வே. சாமிநாதையரும் அவருடைய மாணாக்கர் என்றால், சாதி சமய வேற்றுமை அவர் திண்ணையில் எங்ஙனம் கரைந்தது என்பது விளங்கும். ஆயினும் அவரைக் கடன் விட்டபாடில்லை. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் மறைந்தபோது குடும்பத்தார்க்கு எஞ்சியது புகழும் கடனுமே. சாமிநாதையர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட அவர் சரித்திரத்தைப் படிப்போர், இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருப்பர்.

வேதநாயகர் மற்றொரு வழியிற் சென்றார். 1857-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனியர் வசமிருந்த அவ்வூர் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது 1845-இல்; சீகன்பால்கு ஐயர் 1706-இல் கரையிறங்கித் தமிழ் பயின்றதும் அவ்வூரிலேதான். பின்னர்ச் சீகாழியிலும், நெடுநாள் மாயூரத்திலும் முன்சீப் பணி புரிந்தார். முன்சீப் என்பார் உயர்ந்த நீதிபதி அல்லர். வரப்புச் சண்டை, வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை, கைமாற்றுக் கடன் ஆகிய சிறு வழக்குகளே அவர்முன் வருவன. ஆயின் பெருவழக்குகளால் அழிந்த குடிகளினும் இச்சிறு வழக்குகளால் அழிந்த குடிகளே நாட்டில் மிகுதி. அரைக்காணி நிலம் உடையவனுக்கு அரைக்காணியே உலகம்.

அம்மன்றத்தில் அமர்ந்தவர் ஒரு குறையை நாள்தோறும் கண்டார். வழக்கிடுவோன் தமிழன்; எதிர்வழக்கிடுவோன் தமிழன்; சாட்சி தமிழன். ஆயின் அவர்கள் வழக்கை ஆளும் முன்தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்றுக் கிடந்தன. சென்னையில் இருந்த சதர் நீதிமன்றம் அரை நூற்றாண்டிற்கு மேலாக அளித்த தீர்ப்புகளின் கருத்து இன்னதென்று அறியாமலே குடிகள் வழக்கிட்டனர், தோற்றனர், ஏன் தோற்றோம் என்பதையும் அறியாது வீடு திரும்பினர். இந்நிலை கண்ட வேதநாயகர் 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி மொழிபெயர்த்தார். சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் அந்நூல் 1862-இல் வெளிவந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே.

இந்நூலை இன்று படிப்பார் இலர். தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் இதனைக் கடந்து செல்வர். ஆயினும் எமக்கோ, அவர் நூல்கள் எல்லாவற்றுள்ளும் இதுவே வியப்பிற்குரியதாகத் தோன்றுகின்றது. இதில் கற்பனைக்கு இடமில்லை, புகழுக்கும் இடமில்லை. பகலெல்லாம் வழக்குக் கேட்டுத் தீர்ப்பெழுதிய கை, ஓய்ந்த நேரத்தில் மீண்டும் தீர்ப்புகளையே எடுத்து வைத்து, தமிழில் வழங்காத சட்டக் கருத்து ஒவ்வொன்றிற்கும் ஒரு சொல் தேடியிருத்தல் வேண்டும். பாட்டுக் கட்டும் ஆற்றலுடைய ஒருவர் அவ்வுழைப்பிற்கு இசைந்ததுதான் பெரிது. தியாகராச பிள்ளையிடம் பயின்ற மாணாக்கரே இதனைச் செய்திருக்க முடியும்.

பாட்டையும் அவர் விட்டாரல்லர். 1859-இல் நீதிநூல் வெளிவந்தது. அந்நூற் செய்யுட்கள் எளியவை. கற்பாரை மயக்கும் சொல்லணி அவற்றில் குறைவு. மகாவித்துவானின் பாடல்களோடு ஒப்பிடின் அவை வெள்ளாடை உடுத்தியவைபோல் தோன்றும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எம் ஆசிரியருள் ஒருவர் அவற்றைக் கவிதை என்று ஒப்புவதில்லை. ஆயின் கைக்கூலி வாங்கும் அதிகாரியைக் கடிந்து, அதிகாரியாய் இருக்கும் ஒருவரே பாடுவது எளிதன்று. கச்சேரி வாயிலில் நாள்தோறும் காசு கைமாறும் ஊரில், அந்நூலை வாங்கிப் படிப்போர் முதலில் பார்ப்பது ஆசிரியரின் கையைத்தான். அக்கை தூயதாய் இருந்தது என்பதற்கு அவர் காலத்தார் பலரும் சான்று பகர்ந்துள்ளனர்.

1869-இல் பெண்மதி மாலையும், அதனோடு பெண்கல்வியை வற்புறுத்தும் உரைநடையும் தோன்றின. பெண்கள் எழுத்தறிந்தால் குடும்பம் கெடும் என்று கற்றோரே கூறிய காலம் அது.

1872-இல் அவர் முன்சீப் பதவியை விட்டு நீங்கினார். அப்போது வயது ஏறத்தாழ 46. இன்று அவர் பெயரை நிலைநிறுத்தும் நூல்களுள் பல வெளிவந்தது இதற்குப் பின்னரே என்பது கருதத்தக்கது. ஆயின் அதற்குமுன் ஒரு பெருந்துயர் இடையிட்டது.

1876-ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் அவ்வாறே. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் நாவில் வழங்கும் அப்பஞ்சம் 1878 வரை நீடித்து, தென்னாட்டில் பல இலட்சம் மக்களை மாய்த்தது. வறண்ட நாட்டினின்றும் காவிரிக் கரையை நாடி மக்கள் சாரிசாரியாய் வந்தனர். வேதநாயகர் தம் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தார்க்கு உணவளித்தார். பல்லாண்டு ஊதியத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அத்தொட்டியில் கரைந்தது. மாயூரத்தில் அப்பொழுது வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர், மானிடரைப் பாடுவதில் நாட்டமில்லாதவர். அவரே இவ்வறங் கண்டு நெகிழ்ந்து வேதநாயகர்மீது ஒரு கீர்த்தனை பாடினார்.

இவ்விடத்தில் படித்துறையில் எம் தோழர் ஒருவர் எழுப்பிய தடையை எழுதாது விடல் முறையன்று. தமிழ்த்தொண்டே உயிரெனக் கொண்டவர் உத்தியோகத்தில் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளைக் கழித்தது இழப்பன்றோ, அவ்வாண்டுகளில் எத்தனை காவியம் பிறந்திருக்கும் என்பது அவர் தடை. மற்றவர் உடனே, மகாவித்துவான் பஞ்சத்திற்குச் சில திங்கள் முன்னரே மறைந்தார், இருந்திருப்பின் தம் மாணாக்கர்க்கே சோறிட வழியின்றி வருந்தியிருப்பார், முன்சீபின் ஊதியமன்றோ கஞ்சியாயிற்று என்றார். யாம் இருவர்க்கும் இடையே அமர்ந்திருந்தோம். இரண்டும் உண்மையே என்று தோன்றிற்று. காவியம் பிறவாதது உண்மை. கஞ்சி பிறந்ததும் உண்மை. ஆயினும் ஊதியத்தை எண்ணி உத்தியோகத்தை நியாயப்படுத்துவது முழு விடையன்று என்பதும் அப்பொழுதே உறுத்தியது. ஊதியம் பெற்ற முன்சீப்கள் நாட்டில் பலர் இருந்தனர். கஞ்சித் தொட்டி வைத்தவர் எத்தனை பேர்?

பஞ்சம் முடியும் தறுவாயில், 1878-இல், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தன. எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை எண்ணிப் பாடத்தக்க பாடல்கள் அவை. இசையரங்குகளில் இன்றும் அவற்றுட் சில ஒலிக்கின்றன. பாடுவோர்க்கு அவை ஒரு கிறித்தவ முன்சீப் பாடியவை என்பது பலகால் தெரிவதுமில்லை.

அடுத்த ஆண்டு, 1879-இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. தமிழில் தோன்றிய முதல் நாவல் என்று போற்றப்படுவது இது. தமிழில் செய்யுட்கள் மலிந்திருந்தும் வசன நூல்கள் இல்லாக் குறையைப் போக்கவே இதனை எழுதியதாக அவர் முகவுரையில் குறிப்பிடுகின்றார். கதைக் கட்டுக்கோப்பை எதிர்பார்த்து இதனைத் திறப்போர் ஏமாறுவர். கதை நடக்கும், திடீரென நிற்கும், ஒரு கிளைக்கதை புகும், பின் ஒரு நீதியுரை, பின் நகைப்பு, பின் மீண்டும் கதை. கதைத் தலைவனாகிய பிரதாபனினும் அவன் மனைவி ஞானாம்பாளே நினைவில் நிற்கின்றாள். ஆணுடை பூண்டு விக்கிரமபுரியில் அரசு வீற்றிருந்து நீதி வழங்குபவள் அவள். பத்தாண்டுகளுக்கு முன் பெண்களுக்கு எழுத்தறிவு வேண்டுமென்று வாதாடியவர், கதையில் ஒரு பெண்ணுக்குச் செங்கோலையே கொடுத்துவிட்டார்.

அந்நூலின் வளமான பக்கங்கள் யாவும் கச்சேரியில் விளைந்தவை என்பது எம் துணிபு. பொய்ச்சாட்சி கூறுவோன், வழக்கை வளர்க்கும் வக்கீல், கோள் சொல்வோன், வெறுங்கையனைப் பெருஞ்செல்வனாகக் காட்டும் தரகன் ஆகியோரை ஏட்டில் பயின்று எழுதுதல் இயலாது. நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழராயிருக்க, வழக்கு மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதை அவர் எள்ளி நகையாடும் பகுதியில் நகைப்பினும் சினமே மிகுதி. சித்தாந்த சங்கிரகம் இயற்றியவருக்கு அச்சினம் கொள்ள உரிமை உண்டு. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் பிறந்தது. கீழ்நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் எழுதப்பெற வழி செய்த திருத்தம் 1976-இல் வந்தது. நாவலுக்கும் திருத்தத்திற்கும் இடையே கழிந்தவை 97 ஆண்டுகள். கோபுரத்தை மீண்டும் நினைவுகூர்கின்றோம்.

ஆகவே படித்துறையில் தடை எழுப்பிய தோழருக்கு இப்பொழுது யாம் வேறு விடை கூறுவோம். இருபத்து நான்கு ஆண்டுகள் காவியத்தைத் தின்றன என்பது ஒருபுறம். அவ்வாண்டுகள் இன்றேல் இந்நாவல் இல்லை என்பது மறுபுறம். அவர் உத்தியோகத்தையும் தமிழையும் இரு அறைகளாகப் பிரித்து, ஒன்றைப் பூட்டி மற்றொன்றைத் திறந்தாரல்லர். ஆவணக் காப்பறையில் கற்றது தீர்ப்புத் தொகுப்பாயிற்று. தீர்ப்பு மேடையில் கண்டது கதையாயிற்று. இதனால் உத்தியோகம் புகும் புலவர் எல்லாரும் இங்ஙனமே ஆவர் என்று யாம் கூறத் துணியவில்லை. கோப்புகளுக்கிடையே பாட்டு மடிந்தவர் பெயர்களை வரலாறு எழுதிவைப்பதில்லையாதலின், அவர்களை எண்ணிப் பார்க்க வழியில்லை.

முதுமையில் மாயூர நகரசபைத் தலைவராகவும் அவர் பணியாற்றினார். இல்வாழ்வில் அவர் கண்ட இழப்புகள் பல. அவற்றை விரிப்பது ஈண்டு வேண்டுவதன்று. 1887-இல் அவருடைய இரண்டாம் நாவலாகிய சுகுண சுந்தரி வெளிவந்தது. தமிழுக்கு அவ்வாண்டு வளமான ஆண்டு. சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணியும், தாமோதரம் பிள்ளை பதிப்பித்த கலித்தொகையும் அவ்வாண்டிலேயே வந்தன. சாமிநாதையரைச் சிந்தாமணியின்பால் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார்; அவரும் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்தவர். தாமோதரம் பிள்ளையும் அரசாங்கக் கணக்குப் பணியில் உழன்று, பின் புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்தவர். மகாவித்துவானின் திண்ணையில் வளர்ந்த மாணாக்கர் ஒருவரும், கச்சேரியில் வளர்ந்த பெரியோர் மூவரும் அக்காலத் தமிழை ஒருங்கே சுமந்தனர் என்பதைப் படித்துறையில் எம் மூவருள் எவரும் நினைக்கவில்லை. விடுதிக்கு மீண்டபின் நூலகத்திலேயே கண்டோம். திண்ணை இல்லாவிடின் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் புலமை இல்லை. முன்சீப் இல்லாவிடின் அப்புலமை சிந்தாமணியின்பக்கம் திரும்பியிராது.

1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். அப்போது வயது 62. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று நாடு வழங்கிற்று. குளத்தூரார் தம்மூரார் என்றனர். திருச்சிராப்பள்ளியார்க்கு உரிமை கொண்டாடத் தோன்றவில்லை போலும். இந்நகரில் ஆவணக் காப்பாளராய் அவர் அமர்ந்த இடம் இன்னதென்று எமக்குக் காட்டுவார் எவரும் இலர். நீதிமன்ற வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம் யாமே ஓர் அறையைத் தேர்ந்துகொண்டு அதுவே எனக் கருதிக் கொள்கின்றோம்.

அன்று மாலை எழுந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. தோழருள் ஒருவர் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல முடிவு செய்துவிட்டார். மற்றவர் முடிவு செய்ததாகக் கூறிக்கொண்டு மாதந்தோறும் மாற்றுகின்றார். எம் தாய்மாமன் அனுப்பிய சட்டக் கல்லூரி விண்ணப்பத்தாள் எம் மேசைமீது உள்ளது. பிரதாப முதலியார் சரித்திரத்தை இரண்டாம் முறை படித்து வருகின்றோம். ஞானாம்பாள் அரசேறும் இடத்தில் பக்கம் தவறாதிருக்க அத்தாளையே அடையாளமாக வைத்துள்ளோம்.